நிறுத்த வேண்டாம், மித்ரா

சனிக்கிழமை சாயங்காலம் ரத்த மாதிரிகளை லேபில் ஒப்படைத்துவிட்டு மகா பெங்களூர் மர்பி டவுன் வீட்டுக்குள் நுழைந்தபோது, அவள் நாத்தனார் சங்கமித்ரா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவைத்து, பக்கத்தில் தரையில் உட்கார்ந்து போனையே வெறித்துக்கொண்டிருந்தாள். சைக்கிள் செயின் முதற்கொண்டு துடைத்துப் பளபளவென்று இருந்தது. துடைத்தவள் முகத்தில்தான் களையே இல்லை.

“இன்னா மித்ரா, நாளைக்குப் போட்டிய வச்சிக்கினு இப்பிடி உக்காந்திருக்க?”

“அம்ருதாவுக்கு ஜுரம், அண்ணி. எழுந்து நிக்கவே முடியலையாம். வரமாட்டா.”

மகாவுக்கு அதன் அர்த்தம் உடனே புரிந்தது. மூன்று மாதமாக அந்த வீட்டில் ஹெசரகட்டா என்ற பேச்சைத் தவிர வேறு பேச்சு இல்லை. தார் ரோட்டையே தொடாமல், ஏரிக்கரை, புல்வெளி, தைலமரத் தோப்பு, காட்டோர வண்டிப்பாதை என்று அறுபது கிலோமீட்டர் சரளையிலும் செம்மண்ணிலும் ஓட்டுகிற சைக்கிள் போட்டி அது. தனியாக ஓட்ட முடியாது. இரண்டு பேர் ஒரு ஜோடி. இருவரும் சேர்ந்து கோட்டைத் தாண்டினால்தான் கணக்கு. அம்ருதா இல்லையென்றால் மித்ராவும் இல்லை.

மித்ரா மெட்ரோ ரயில் ஓட்டுகிறவள். நாள் முழுக்கத் தண்டவாளம் போட்டுக் கொடுத்த வழியிலேயே போய்விட்டு வருகிறவளுக்கு, வாரத்தில் ஒரு நாளாவது வழியே இல்லாத இடத்தில் வண்டி ஓட்டினால்தான் மனசு ஆறும். அதற்காகவே அகலமான டயரும் வளைந்த கைப்பிடியும் உள்ள ஒரு கிராவல் சைக்கிளை வாங்கினாள். அவளுடைய பழைய சைக்கிள் வெராந்தாவில் சும்மா மாட்டியிருந்தது. அதைத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகா இறக்கினாள். முதலில் அல்சூர் ஏரியை ஒரு சுற்று. பிறகு ஹொஸ்கோட்டே ஏரி வரைக்கும். இந்த வருஷம் முழுக்க, மித்ராவுக்கு லீவு கிடைத்த ஞாயிறெல்லாம் அண்ணியும் கூடப் போய்க்கொண்டுதான் இருந்தாள், எப்போதும் ஒரு பர்லாங்கு பின்னால்.

“நான் வரேன்” என்றாள் மகா.

மித்ரா நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பாளோ என்று மகா எதிர்பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.

“அறுவது கிலோமீட்டர், அண்ணி.”

“ஹொஸ்கோட்டே போய்ட்டு வந்தா எவ்ளோ ஆவுது?”

“அதுல பாதி தார் ரோடு. நடுவுல இட்லி சாப்பிடுவோம். இது ரேஸ். அம்ருதா கூடப் போனா பொம்பளைங்க ஜோடியில மொத மூணுல வந்துடலாம்னு இருந்தேன்.” சொன்ன பிறகுதான் சொன்னது எப்படிக் கேட்கும் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். “தப்பா நெனச்சிக்காத.”

“இன்னாத்துக்குத் தப்பா நெனைக்கணும்? நான் மெதுவாத்தான் வருவேன். நீ வீட்டுல மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு இருக்கறதுக்கு, மெதுவாப் போய்ட்டு வரலாம்ல?”

மித்ரா சைக்கிளை நேராக நிமிர்த்தி வைத்தாள். பிறகு போட்டி நடத்துகிற மஞ்சுநாத்துக்குப் போன் போட்டு, அம்ருதாவின் பெயரை எடுத்துவிட்டு மகா என்று எழுதிக்கொள்ளச் சொன்னாள். அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, கேட்காமலேயே, பழைய சைக்கிளின் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கினாள். சரளைக்கு டயர் கல்லு மாதிரி இருக்கக் கூடாது, அழுத்தினால் அமுங்க வேண்டும் என்றாள்.

விடியற்காலையில் மகாவின் புருஷன் சரவணன் தன் குட்டி லாரியில் இரண்டு சைக்கிளையும் கயிற்றால் கட்டினான். பொம்மசந்திரா கம்பெனிகளுக்குச் சரக்கு ஏற்றுகிற வண்டி அது. கண்ணாடியில் நீல எழுத்தில் ஜெய் பீம் ஒட்டியிருக்கும். சரவணன் பிறந்து பத்து வருஷம் கழித்துத்தான் அவர்கள் அப்பா பௌத்தத்துக்கு வந்தார். அதனால் அண்ணனுக்கு முருகன் பெயரும் தங்கைக்கு அசோகன் மகள் பெயரும் நிலைத்துவிட்டன. அண்ணன் தங்கை இரண்டு பேரும் சைக்கிளைக் கட்டுவது பற்றி எலகங்கா தாண்டும்வரை வாக்குவாதம் பண்ணிக்கொண்டே வந்தார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த மகா எதையும் காதில் வாங்கவில்லை. அவளுக்கு உள்ளங்கை வேர்த்திருந்தது. டிசம்பர் குளிரில் அது வேர்த்ததுதான் அவளுக்கு ஆச்சரியம்.

ஹெசரகட்டாவில் ஏரிக்கரைக்குக் கீழே ஒரு மைதானத்தில் கூட்டம் கூடியிருந்தது. பனி இன்னும் விலகவில்லை. பனிக்குள் எங்கே பார்த்தாலும் சைக்கிள். மகா இதுவரை படத்தில்கூடப் பார்க்காத சைக்கிள்கள். அவளுடையது மட்டும்தான் கூடை மாட்டுகிற கொக்கி போட்டது. மித்ரா கடைசி நேரத்தில் குனிந்து அந்தக் கொக்கியைக் கழற்றிச் சரவணன் கையில் கொடுத்தாள்.

மஞ்சுநாத் ஒரு ஸ்டூலின் மேல் ஏறி மைக்கில் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் விதிகளைச் சொன்னார். புல்வெளியில் வண்டித்தடத்தை விட்டு ஒரு அடி இறங்கக் கூடாது, தரையில் முட்டையிடுகிற பறவைகள் இருக்கின்றன. ஜோடியில் ஒருவர் மற்றவரை இழுக்கலாம், தள்ளலாம், சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கலாம். ஆனால் வெளியாள் உதவி கூடாது. கடைசியில் ஏரிக்கரை மேல் கோடு. இரண்டு முன்சக்கரமும் தாண்ட வேண்டும்.

“நீங்க தமிழா?” என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

அறுபது வயது தாண்டிய ஒரு அம்மாள். ஹெல்மெட்டுக்குக் கீழே நரைத்த பின்னல். கூடவே அதே நீல ஜெர்சி போட்ட ஒரு பெரியவர், சைக்கிள் மேல் சாய்ந்துகொண்டு வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். அம்மாளின் பெயர் ராஜலக்ஷ்மி, நீர்ப்பாசன இலாகாவில் இருந்து ரிட்டயர் ஆனவர். வாழைப்பழக்காரர் அவர் கணவர் நாணு.

“மர்பி டவுனுங்க” என்றாள் மகா.

“மொதல் தடவையா?”

“ஆமாங்க.”

“நன்னா இருக்கும்” என்றவர் கணவர் பக்கம் திரும்பினார். “ஏன்னா, பழம் போதும், விசில் ஊதப் போறா.”

விசில் ஊதினார்கள்.

முதல் கொஞ்ச தூரம் மகாவுக்கு ஒன்றுமே தெரியவில்லை. முன்னால் புழுதி, பக்கத்தில் முழங்கை, காதுக்குள் செயின் சத்தம். ஒரு ஊரின் ஓரமாகப் போன பாதையில் கேழ்வரகுத் தாளைப் போரடிப்பதற்காகக் குறுக்கே பரப்பியிருந்தார்கள். எல்லா சைக்கிளும் அதன் மேல் சரசரவென்று ஏறி இறங்கின. மகாவின் முன்சக்கரம் தாளுக்குள் வழுக்கியது. அவள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். பிடிக்கப் பிடிக்கச் சைக்கிள் மேலும் தாறுமாறாக ஆடியது. ஒருவர் பின் ஒருவராக அவளைத் தாண்டிப் போனார்கள். மித்ரா முன்னால் போய், நின்று, திரும்பிப் பார்த்து, மறுபடி போய், மறுபடி நின்றாள். நிற்கிறபோதெல்லாம் அவள் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் குடித்தாள். அது மகாவுக்குத் திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மூன்றாம் முறை நின்றபோது மித்ரா பக்கத்தில் வந்து சேர்ந்து ஓட்டினாள்.

“அண்ணி, கைய விடு.”

“விட்டா வுழுந்துடுவேன்.”

“முழுசா விடச் சொல்லல. லூசாப் புடி. டயரு அதும்பாட்டுக்கு ஆடட்டும். நீ வழிய மட்டும் பாரு. குழந்தைக்கு ரத்தம் எடுக்கும்போது கைய எப்பிடிப் புடிப்ப?”

மகா பதினைந்து வருஷமாக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறவள். அழுகிற குழந்தையின் கையை இறுக்கிப் பிடித்தால் நரம்பு ஒளிந்துகொள்ளும். விரல்கள் சும்மா படுகிற மாதிரி இருக்க வேண்டும், ஆனால் கை நழுவக் கூடாது. அவள் அந்த மாதிரி பிடித்துப் பார்த்தாள். தோள் தானாகவே இறங்கியது. அடியில் சரளை கரகரவென்று நகர்ந்தது, சக்கரம் இப்படி அப்படிப் போய் தானே நேராகியது, சைக்கிள் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. இதற்காகவா இவ்வளவு நேரம் மல்லுக்கட்டினோம் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பாதை ஒரு சின்ன ஏரியின் ஓரமாக வளைந்து மேடேறி, சட்டென்று புல்வெளிக்குள் திறந்தது.

பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த மகா, அந்த ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு காலி இடம் இருக்கும் என்று நினைத்ததே இல்லை. வீடு இல்லை, மதில் இல்லை, போஸ்டர் இல்லை. காய்ந்து பொன்னிறமான புல், அதற்கு மேல் கிழிந்துகொண்டிருந்த பனி, நடுவில் இரண்டு செந்நிறத் தடமாக வண்டிப்பாதை. தரை மேசை மாதிரி சமமாக இருந்தது. காற்று முதுகுப் பக்கத்திலிருந்து வந்தது. மித்ரா இடது தடத்திலும் மகா வலது தடத்திலுமாகப் போனார்கள். மகா கியரை ஒன்று ஏற்றினாள். இன்னொன்று ஏற்றினாள். கால் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஒரு பூனைப்பருந்து புல்லின் நுனியைத் தொடுகிற உயரத்தில், அவர்களுக்குச் சமமாக, அவர்கள் வேகத்திலேயே கொஞ்ச தூரம் பறந்து வந்தது. சிறகை ஒரு தரம்கூட அடிக்கவில்லை. பிறகு ஒரு சாய்வு சாய்ந்து, அவர்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. மகா வாய்விட்டுச் சிரித்தாள். நாற்பது வயதில் நடுப்புல்வெளியில் தனக்குத்தானே சிரிக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது, நிறுத்தவும் முடியவில்லை.

“இன்னா ஆச்சு?” என்று மித்ரா கத்தினாள்.

“ஒண்ணுமில்ல. போ.”

முன்னால் ஒரு ஜோடி தெரிந்தது. தாண்டினார்கள். இன்னொன்று. கம்பெனிப் பெயர் போட்ட ஜெர்சியில் இரண்டு பையன்கள். அவர்களையும் தாண்டினார்கள். மித்ரா இப்போது திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டாள். மகாவின் டயர் சத்தம் பின்னாலேயே கேட்டுக்கொண்டிருந்ததால் அவளுக்குத் தேவைப்படவில்லை. பாதிவழியில் தண்ணீர் கொடுக்கிற பந்தலில், சாக்பீஸால் பலகையில் எழுதிக்கொண்டிருந்த பெண் மித்ராவிடம் விரலைக் காட்டினாள். பெண்கள் ஜோடியில் ஐந்தாவது.

“அஞ்சா?” என்றாள் மித்ரா. கையிலிருந்த ஆரஞ்சுச் சுளையை அப்படியே வாயில் திணித்துக்கொண்டு அண்ணியைப் பார்த்தாள். “அண்ணி, உனக்குக் காலு எப்பிடி இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு. இன்னாத்துக்கு?”

“சும்மா கேட்டேன்” என்று சொல்லிவிட்டு மித்ரா கிளம்பிய வேகத்திலேயே அது சும்மா கேட்ட கேள்வி இல்லை என்று தெரிந்தது.

பந்தலுக்குப் பிறகு காட்டு இலாகா வேலியை ஒட்டிய பாதை. ஒரு பக்கம் முட்புதரும் சின்ன மரங்களுமாகக் காடு, மறு பக்கம் தைலமரத் தோப்பு. தரையெல்லாம் உதிர்ந்த பட்டையும் குச்சியும். வெயில் மரங்களுக்கு இடையில் பட்டை பட்டையாக விழுந்து, வெளிச்சமும் நிழலும் மாறி மாறிக் கண்ணில் அடித்தது. இங்கே இன்னொரு பெண்கள் ஜோடியைப் பிடித்தார்கள். ஒருத்தி டியூப் மாற்றிக்கொண்டிருந்தாள், மற்றவள் பம்பு அடித்துக்கொண்டிருந்தாள். நான்காவது, என்று மகா மனசுக்குள் எண்ணினாள். எண்ணுகிறோம் என்பதே அவளுக்குப் புதுசாக இருந்தது.

அப்போதுதான் மித்ராவின் பின்சக்கரத்தில் ஏதோ படீரென்று முறிந்தது.

ஒரு தைலமரக் குச்சி சக்கரக் கம்பிகளுக்குள் புகுந்து, கியர் மாற்றுகிற டீரெய்லரை, சக்கரத்துக்குக் கீழே கை மாதிரி தொங்குகிற அந்தப் பாகத்தை, அப்படியே பிய்த்துவிட்டிருந்தது. செயின் தொளதொளவென்று தொங்கியது. மித்ரா சைக்கிளைத் தூக்கி ஓரமாகப் போட்டாள். அதைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

“முடிஞ்சிச்சு, அண்ணி. இதை வச்சு மிதிக்க முடியாது. அண்ணனுக்குப் போன் பண்ணிடு. தோப்புக்கு அந்தப் பக்கம் ரோடு இருக்கு, வண்டி வரும்.”

மகா முதுகுப் பையிலிருந்து போனை எடுத்தாள். சிக்னல் இருந்தது. சரவணன் பெயர் திரையில் வந்தது. அவள் விரல் அதைத் தொடவில்லை.

போகலாம் என்றால் கிளம்பி, வேண்டாம் என்றால் நின்று பழகியவள் அவள். பி.யு.சி. முடித்ததும் நர்சிங் சேரவேண்டும் என்று இருந்தாள். வீட்டில் லேப் கோர்ஸ் போதும் என்றார்கள், சரி என்றாள். கல்யாணத்துக்குச் சரி என்றாள். மர்பி டவுனுக்கு வரவும் சரி என்றாள். அதிலெல்லாம் அவளுக்குப் பெரிய வருத்தமும் இல்லை, வாழ்க்கை மோசமாகவும் போய்விடவில்லை. நேற்று சாயங்காலம் வருகிறேன் என்று சொன்னதுகூட மித்ராவின் முகத்தைப் பார்த்துத்தான். ஆனால் இப்போது, இந்தத் தோப்பில் நிற்கும்போது, அவளுக்குள் ஏதோ ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்க மறுத்தது. அந்த மேசை மாதிரி தரை, அந்தக் காற்று, முன்னால் போகிற முதுகைப் பார்த்து இதைப் பிடித்துவிடலாம் என்று தோன்றுகிற அந்த நொடி. இன்னும் வேண்டும் என்று இருந்தது அவளுக்கு.

“நிறுத்த வேண்டாம், மித்ரா” என்றாள்.

“அண்ணி, செயினே ஓடாது.”

“நடந்தாவது போலாம். தோள்ல தூக்கினு போலாம்னு அந்த ஆளு மைக்குல சொன்னாருல்ல? எனக்கு நிறுத்த இஷ்டமில்ல.” குரல் உயர்ந்திருந்தது. மகா அதைத் தணித்துக்கொள்ளவில்லை. “நாலாவது வந்திருக்கோம். எனக்குப் போவணும்.”

மித்ரா அண்ணியை வாயைப் பிளந்து பார்த்தாள். அந்த வீட்டில் மகா எனக்கு என்று ஆரம்பித்து அவள் கேட்டதில்லை. பிறகு மெதுவாகத் தன் சைக்கிளின் பக்கம் திரும்பினாள். முறிந்த பாகத்தையும் செயினையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

“ஒண்ணு பண்ணலாம்” என்றாள். “செயினை வெட்டிச் சின்னதாக்கி, ஒரே பல்லுச் சக்கரத்துல மாட்டிடலாம். கியரே இருக்காது. மேடா இருந்தா செத்தோம். ஆனா இங்க எல்லாம் சமந்தான்.”

“அப்ப பண்ணு.”

மித்ரா பையைக் கொட்டிச் செயின் கட்டரை எடுத்தாள். முறிந்த டீரெய்லரை ஒயரோடு சுருட்டிக் கட்டினாள். மகா செயினின் இரண்டு முனைகளையும் கொக்கி மாதிரி வளைத்த கம்பியால் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மித்ரா ஆணியைத் திருகினாள். கை இரண்டு பேருக்கும் கறுத்துப் போனது. டியூப் மாற்றிய ஜோடி அவர்களைத் தாண்டிப் போனது. பிறகு தோப்புக்குள் இரண்டு நீல ஜெர்சிகள் தெரிந்தன.

“ஏதாவது வேணுமா?” என்று ராஜலக்ஷ்மி வேகத்தைக் குறைத்துக் கேட்டார்.

“வேணாங்கம்மா, ஆயிடுச்சு” என்றாள் மித்ரா, நிமிராமலே.

“அப்போ நாங்க போறோம். பின்னால வந்து பிடிச்சுக்கோங்கோ.”

நாணு போகிற போக்கில் கையை உயர்த்தினார். அந்தக் கையில் இன்னொரு வாழைப்பழம் இருந்தது. மகா அந்த நீல முதுகுகள் மறைகிறவரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

செயின் சேர்ந்தது. மித்ரா ஏறி, மெல்ல மிதித்துப் பார்த்தாள். ஓடியது. கொஞ்சம் வேகமாக அழுத்தியதும் செயின் துள்ளிக் கழன்றது. மறுபடி மாட்டினாள்.

“ரொம்ப அழுத்தினா கழண்டுக்குது. ஒரே மாதிரி மிதிச்சுக்கினே வரணும். நீதான் அண்ணி முன்னாடி போவணும். எதுர்காத்த நீ வாங்கிக்க. நான் உன் பின்னாடி ஒட்டிக்கிறேன்.”

தோப்பைத் தாண்டி வெளியே வந்ததும் காற்று முகத்தில் அறைந்தது. போகும்போது முதுகில் கைவைத்துத் தள்ளிய அதே காற்றுதான். முன்னால் ஏரியின் நீர் வற்றிய பகுதி பரந்து கிடந்தது. வெடித்துக் காய்ந்த களிமண் மேல் டிராக்டர் போட்ட தடம், தூரத்தில் தகடு மாதிரி மின்னுகிற தண்ணீர், அதற்கும் அப்பால் நீளமாக ஏரிக்கரை. மகா தலையைத் தாழ்த்திக்கொண்டாள். பின்னால் மித்ராவின் ஒற்றைக் கியர் தடதடவென்று ஒரே தாளத்தில் சுற்றுகிற சத்தம் கேட்டது. அந்தத் தாளம் அறுந்துவிடாத அளவுக்கு வேகத்தை வைத்துக்கொள்வதுதான் தன் வேலை என்று மகாவுக்கு யாரும் சொல்லவில்லை. காதே சொல்லிக்கொடுத்தது. தாளம் வேகமானால் அவள் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாள். மந்தமானால் இழுத்தாள். தொடை எரிந்தது. வாயில் மண் ருசித்தது. அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நடுவில் ஒரு ஆட்டுமந்தை குறுக்கே வந்தது. மேய்க்கிறவர் தடியைத் தூக்கி, “நில்லி, நில்லி” என்றார். நின்றால் மித்ராவின் செயின் கழன்றாலும் கழன்றுவிடும். மகா மணியை அடித்துக்கொண்டே வேகத்தைக் குறைத்தாள். மந்தைக்குள் ஒரு இடுக்கு திறந்தது. இரண்டு பக்கமும் கம்பளி உரச உரச, காலைத் தரையில் ஊன்றாமல், நடக்கிற வேகத்தில் இருவரும் அதற்குள் நுழைந்து வெளியே வந்தார்கள். ஆட்டுக்காரர் பின்னாலிருந்து ஏதோ சொன்னார். திட்டு மாதிரி கேட்கவில்லை.

மந்தை கடந்ததும் டியூப் மாற்றிய பெண்கள் தெரிந்தார்கள். எதிர்காற்றில் இருவரும் பக்கம் பக்கமாக ஓட்டிக் களைத்துப் போயிருந்தார்கள். மகா அவர்கள் பக்கத்தில் வந்தபோது, அதில் ஒருத்தி மித்ராவின் சைக்கிளில் சுருட்டிக் கட்டியிருந்த டீரெய்லரைப் பார்த்து, “ஐயோ, இதுலயா வரீங்க?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மித்ரா மிதிப்பதை விடாமல் தலையை மட்டும் ஆட்டினாள். தாண்டினார்கள். கொஞ்ச தூரத்தில் இன்னொரு பெண்கள் ஜோடி. ஒருத்தி காலில் தசை பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள், தோழி அவள் பாதத்தை வளைத்துப் பிடித்திருந்தாள். அவர்களையும் தாண்டினார்கள். எண்ணிக்கை மகாவுக்குத் தெரியும். ஆனால் அதை நினைக்கவே அவளுக்கு நேரமில்லை, ஏனென்றால் அதற்கு முன்னால், ஏரிக்கரைக்கு ஏறுகிற சரிவின் அடியில், இரண்டு நீல முதுகுகள் தெரிந்தன.

“மித்ரா, அதோ அவங்க.”

“பாத்துட்டேன்.”

சரிவில் மித்ரா இறங்கி ஓடினாள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. மகா மிதித்தே ஏறினாள். கரையின் மேல் வந்ததும் பாதை நேராக, சமமாக, உருளை போட்டு இறுகிய செம்மண்ணாக நீண்டது. ஒரு பக்கம் கருங்கல் சரிவும் தண்ணீரும், மறு பக்கம் தென்னந்தோப்பும் வயலும். முடிவில் ஒரு மஞ்சள் துணியும் ஆட்களும். முன்னால் ராஜலக்ஷ்மி ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். கணவரிடம் ஏதோ சொன்னார். இருவரும் சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதிக்க ஆரம்பித்தார்கள்.

“என்னால வேகமாப் போவ முடியாது, அண்ணி. அழுத்தினா கழண்டுடும்.”

“நீ அழுத்தாத. சும்மா காலச் சுத்து.”

மகா இடது கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்தாள். பக்கத்தில் வந்து, உள்ளங்கையை மித்ராவின் முதுகில், இடுப்புக்கு மேலே பதித்தாள். பிறகு மிதித்தாள். முதல் மிதியில் இரண்டு சைக்கிளும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்தன. மித்ரா கீழுதட்டைக் கடித்துக்கொண்டு நேராகப் பார்த்தாள். வலது கை லூசாக இருக்கட்டும், லூசாக இருக்கட்டும் என்று மகா தனக்குச் சொல்லிக்கொண்டாள். இரண்டாவது மிதி, மூன்றாவது மிதி. இரண்டு பேருடைய கனத்தையும் அவள் கால்கள் வாங்கிக்கொண்டன. சைக்கிள்கள் நிமிர்ந்தன. வேகம் ஏறியது. மித்ராவின் கால்கள் சும்மா காற்றில் சுற்றுகிற மாதிரி சுற்றின. செயின் கழலவில்லை.

நீல முதுகுகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. நாணுவின் சட்டையில் வியர்வை வரைந்திருந்த கோடுகூடத் தெரிந்தது. மஞ்சள் துணிக்குப் பக்கத்தில் சரவணன் நிற்பதை மகா பார்த்தாள். அவன் கையில் அந்தக் கூடைக் கொக்கி இன்னும் இருந்தது. அவன் அதை ஆட்டி ஆட்டி ஏதோ கத்தினான். நான்கு பேரும் ஒரே வரிசையில் வந்தார்கள். ராஜலக்ஷ்மி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். மகா கண்ணை மூடிக்கொள்ளவில்லை, ஆனால் கடைசி சில மிதிகளில் அவள் எதையும் பார்க்கவும் இல்லை. கோடு அடியில் ஓடியது.

நிற்க இடம் வேண்டும் என்று கொஞ்ச தூரம் ஓட்டிக்கொண்டே போய், ஒரு மதகுக்குப் பக்கத்தில் நான்கு பேரும் இறங்கினார்கள். நாணு தரையில் மல்லாந்து படுத்துவிட்டார். மித்ரா அண்ணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அப்படியே தொங்கினாள். இருவருடைய முகத்திலும் செயின் கறுப்பு.

“யாரு மொதல்ல?” என்று மகா மூச்சுக்கு இடையில் கேட்டாள்.

“நீங்கதான். அரைச் சக்கரம்” என்றார் ராஜலக்ஷ்மி. ஹெல்மெட்டைக் கழற்றிப் பின்னலை உதறிக்கொண்டார். “ஆனா உங்களுக்கும் எங்களுக்கும் போட்டியே இல்லை தெரியுமோ? நாங்க ஆணும் பெண்ணும் கலந்த ஜோடி. அது வேற பிரிவு. எங்க பிரிவுல எல்லாரும் எப்பவோ வந்து டிபனே சாப்பிட்டிருப்பா.”

மகா அவரையே பார்த்தாள். “உங்களுக்கு முன்னாடியே தெரியுமாங்க?”

“தெரியாம என்ன? மூணு வருஷமா வர்றோம்.”

“அப்ப எதுக்கு எழுந்து நின்னு மிதிச்சீங்க?”

“நீ துரத்தினே, நான் ஓடினேன்” என்றார் அந்த அம்மாள். “அப்படி ஒருத்தர் துரத்தி எனக்கு ரொம்ப நாளாச்சு.”

தரையில் படுத்திருந்த நாணு கண்ணைத் திறக்காமலே, “என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்” என்றார். மித்ரா சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு இருமலாகி, மதகின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

சரவணன் ஓடி வந்தான். அவன் சொல்ல வந்ததை மஞ்சுநாத் மைக்கிலேயே சொல்லிவிட்டார். பெண்கள் ஜோடியில் மூன்றாவது, சங்கமித்ரா, மகா. தோப்பில் நான்காவது, செயின் வெட்டியபோது ஐந்தாவது, பிறகு தாண்டியது இரண்டு ஜோடி என்று மித்ரா அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கணக்கு சரியாக வந்தது. பரிசாக ஆளுக்கு ஒரு பதக்கமும், அந்த ஊர் மகளிர் சங்கத்தார் கொடுத்த ஒரு பெரிய பரங்கிக்காயும் கிடைத்தன. பரங்கிக்காயைச் சரவணன் தோளில் தூக்கிக்கொண்டு, கேட்டவர்கள் கேட்காதவர்கள் எல்லோரிடமும், “நம்ம வூட்டுக்காரம்மாதான் கடைசில தள்ளினாங்க, பாத்தீங்களா?” என்று சொல்லிக்கொண்டே போனான். தங்கச்சி ஒற்றைக் கியரில் வந்ததைச் சொல்ல மறந்துவிட்டான். மித்ரா அதற்காக அவனை முதுகில் குத்தினாள்.

டிபன் பந்தலில் மகா இட்லித் தட்டோடு ராஜலக்ஷ்மி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“நீங்க வாரத்துல எங்கங்க ஓட்டுவீங்க?”

“புதன்கிழமை ஹொஸ்கோட்டே ஏரி. காலம்பற ஆறு மணிக்கெல்லாம் கரைமேல இருப்போம். அந்தண்டைக் கரை வரைக்கும் போய்ட்டுத் திரும்புவோம்.” ராஜலக்ஷ்மி சட்னியைத் தொட்டுக்கொண்டார். “வர்றதுன்னா வா. ஆனா யாருக்காகவும் நின்னு காத்திண்டிருக்க மாட்டோம், சொல்லிட்டேன்.”

புதன்கிழமை மித்ராவுக்குக் காலை ஷிப்ட். மகாவுக்கு முதல் வீடு எட்டரை மணிக்கு, இந்திரா நகரில். அவள் மனசுக்குள் தூரத்தையும் நேரத்தையும் கூட்டிப் பார்த்தாள். முடியும்.

“நீங்க நிக்க வேணாங்க” என்றாள். “நான் பின்னாலயே வந்து புடிச்சிக்கிறேன்.”